மடித்த உரை தொலைந்த உரையாகத் தெரியக் கூடாது: அவுட்லைன் வசதியைப் புதியவர்களுக்கு எளிதாக்குவது பற்றி

நீண்ட கோப்பைத் தலைப்புகளாகவும் துணைத்தலைப்புகளாகவும் பிரித்து, அப்போதைக்கு வேண்டாத பகுதிகளை மடித்து வைத்து வேலை செய்ய உதவும் அவுட்லைன் வசதி, பழகியவர்களுக்குக் கைவிட முடியாத கருவியாக இருக்க, புதிதாக வருபவர்கள் ஓரிரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். விசைகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒரு கருவிப்பட்டையையும் சேர்த்துவிட்டால் இது சரியாகிவிடுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. சரியாகாது என்பதே என் கருத்து. விசைகள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் புதியவரை விரட்டுவது அது மட்டுமல்ல. தாம் எழுதிய நாற்பது வரிகள் ஒரு விசை அழுத்தலில் திரையிலிருந்து மறைவதைக் காணும் ஒருவர், அவற்றைத் திரும்பப் பெறும் வழி தெரியாத அந்த நொடியில் அடையும் அச்சமே முதன்மையான காரணம். ஒரு முறை அப்படி அஞ்சியவர் அந்த விசையின் பக்கம் மறுபடி போக மாட்டார். ஆகவே, அவுட்லைனை எளிதாக்கும் எந்த முயற்சியும் மடிப்பதை எளிதாக்குவதற்கு முன்னால் விரிப்பதை எளிதாக்க வேண்டும். நிரலாளர்கள் உரையை எழுதவும் திருத்தவும் பயன்படுத்தும் ஈமாக்ஸ் எடிட்டரை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். இந்த வசதியின் நல்லதும் கெட்டதும் அங்கே நீண்ட காலமாகப் பக்கம் பக்கமாக இருந்து வருகின்றன.

மடித்துக் காட்டும் எண்ணம் பழையது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் தம் குழுவின் என்எல்எஸ் என்ற கணினி அமைப்பை இயக்கிக் காட்டியபோது, கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை வகைவாரியாக அடுக்கி, அதைச் சுருக்கியும் விரித்தும் காட்டினார். அந்த அமைப்பு, பயன்படுத்துபவர் முறையாகப் பயிற்சி பெற்றே வருவார் என்ற எதிர்பார்ப்பில் கட்டப்பட்டது. அதன் பின் தனிநபர் கணினிகளுக்கு வந்த அவுட்லைன் மென்பொருள்கள் பொதுமக்களை நோக்கி நகர்ந்தன. நிரலாளர்களின் எடிட்டர்களோ அந்தப் பழைய எதிர்பார்ப்பையே பெரிதும் சுமந்துகொண்டிருந்தன.

ஒரு வகை வேலைக்கு ஏற்ப எடிட்டரின் நடத்தையை மாற்றும் ஏற்பாட்டை ஈமாக்ஸில் மோட் என்பார்கள்; ஒரு கோப்புக்கு முதன்மை மோட் ஒன்றும், அதன் மேல் துணை மோடுகளும் இயங்கலாம். அங்கே அவுட்லைன் மோட் 1980களிலேயே வந்துவிட்டது. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுதல், ஒரு தலைப்பின் கீழுள்ள அனைத்தும் அடங்கிய கிளையை முழுவதும் மறைத்தல், தலைப்புகளை விட்டுவிட்டு உடற்பகுதியை மட்டும் மறைத்தல், குறிப்பிட்ட மட்டம் வரை மட்டும் காட்டுதல் ஆகிய எல்லாமே அதில் உண்டு. ஆனால் வேறொரு மோடுக்குள், எடுத்துக்காட்டாக ஒரு நிரல் கோப்புக்குள், இதைத் துணை மோடாக இயக்கும்போது ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் கண்ட்ரோல்-சி, அதன் பின் @ குறி என்ற இரண்டையும் அழுத்த வேண்டும். உடற்பகுதிகளை மறைக்கக் கண்ட்ரோல்-சி, @, கண்ட்ரோல்-டி (ஆங்கில T); எல்லாவற்றையும் விரிக்கக் கண்ட்ரோல்-சி, @, கண்ட்ரோல்-ஏ. இந்த விசித்திரமான முன்னொட்டு எவருடைய கொடூரத்தாலும் வந்ததல்ல. கண்ட்ரோல்-சியை அடுத்து வரும் தனி எழுத்துகள் பயனருக்கும், கண்ட்ரோல் சேர்ந்த எழுத்துகளும் எண்களும் முதன்மை மோடுகளுக்கும் என்று ஈமாக்ஸ் மரபு ஒதுக்கி வைத்திருப்பதால், துணை மோடுகளுக்கு எஞ்சியவை நிறுத்தற்குறிகளும் பிற குறிகளும்தான். விதிப்படி பார்த்தால் குற்றமில்லை. ஆனால் ஷிஃப்டையும் எண் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பெறும் ஒரு குறியை இரண்டு கண்ட்ரோல் விசைகளுக்கு நடுவே செருகி, அதை நாளுக்குப் பலமுறை செய்ய எவர் விரல் இசையும்? முன்னொட்டை மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றலாம் என்று தெரிந்தவருக்கு இந்தப் பதிலே தேவையில்லை.

2003ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், இதே அவுட்லைன் மோடின் மேல், குறிப்புகளையும் பணிகளையும் ஒழுங்குபடுத்த உதவும் ஆர்க் மோடைக் கட்டினார். அது 2007இல் ஈமாக்ஸ் 22உடன் சேர்ந்து வரத் தொடங்கியது. அதன் நாட்காட்டி, பணிப்பட்டியல், அட்டவணைகள் ஆகியவை புகழ்பெற்றவை. இருப்பினும் நம் கேள்விக்கு முக்கியமானது அது டேப் விசைக்குக் கொடுத்த வேலை. தலைப்பின் மேல் நின்று டேப்பை அழுத்தினால் கிளை மடிகிறது. மறுபடி அழுத்தினால் துணைத்தலைப்புகள் மட்டும் தெரிகின்றன. மூன்றாவது முறை எல்லாம் விரிகின்றன. நான்காவது முறை மறுபடி மடிகிறது. ஷிஃப்ட்-டேப் இதையே கோப்பு முழுவதற்கும் செய்கிறது. பத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள் செய்த வேலையில் பெரும்பகுதியை இரண்டு விசைகள் ஏற்றுக்கொண்டன. விசைகள் குறைந்தன என்பதைவிட, மறைத்த விசையே திரும்பக் காட்டும் விசையாகவும் இருக்கிறது என்பதில்தான் இதன் சிறப்பு. புதியவர் தவறுதலாக மடித்துவிட்டாலும், என்ன நடந்தது என்று தெரியாமல் அதே விசையை இன்னும் இரண்டு முறை தட்டினால் உரை திரும்பிவிடும். சுழற்சியில் முட்டுச்சந்து கிடையாது.

ஆர்க் இதை நிறுவிக் காட்டிய பிறகும், அடிப்படை அவுட்லைன் வசதிக்கு இந்தச் சுழற்சி வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 2022 ஏப்ரலில் வந்த ஈமாக்ஸ் 28இல்தான் தலைப்பின் மேல் டேப்பும் ஷிஃப்ட்-டேப்பும் இயங்குவதற்கான அமைப்பு சேர்ந்தது; 2023 ஜூலையில் வந்த ஈமாக்ஸ் 29இல் தலைப்புகளுக்கு அருகே சொடுக்கக்கூடிய பொத்தான்கள் வந்தன. இரண்டும் நல்ல சேர்க்கைகள். இரண்டும் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவுட்லைன் துணை மோடையும் தனியே இயக்க வேண்டும். ஆக, புதியவர் ஒருவர் இந்த எளிமையை அடைய, முதலில் துணை மோடின் பெயரை அறிந்து, பிறகு அவுட்லைன்-மைனர்-மோட்-சைக்கிள் என்ற அமைப்பு இருப்பதை அறிந்து, ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கும் தம் தொடக்கக் கோப்பில் அதை எழுதி, அதன் பிறகு துணை மோடை இயக்க வேண்டும். இவ்வளவையும் செய்யத் தெரிந்தவர் புதியவர் அல்லர். யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் கையில் கடைசியாகப் போய்ச் சேரும் வசதி இது. இயல்புநிலையை மாற்றாமல் எத்தனை வசதி சேர்த்தாலும் அது பழகியவர்களின் வசதியைக் கூட்டும் வேலையாகவே முடியும் என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே காட்டிவிடுகிறது.

டேப்புக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. நிரல் கோப்புகளில் டேப் என்பது வரியின் உள்தள்ளலைச் சரிசெய்யும் விசை. அதைப் பறித்துக்கொண்டால் பழகியவர்கள் கொதிப்பார்கள். ஆனால் தலைப்பு வரியின் மேல் நிற்கும்போது மட்டும் டேப் மடிப்பு விசையாக இருந்தால் மோதல் மிகக் குறைவு. பெரும்பாலான கருத்துரைத் தலைப்புகளுக்கு உள்தள்ளல் தேவைப்படுவதே இல்லை. அதுவும் போதாது என்றால், வரியின் தொடக்கத்தில் கர்சர் நிற்கும்போது மட்டும் மடிக்கும்படி கட்டுப்படுத்தவும் ஈமாக்ஸில் அமைப்பு உண்டு. இந்தக் கட்டுப்பாட்டுடன் சுழற்சியை இயல்பாகவே இயக்கி வைக்கலாம் என்பது என் கருத்து.

இனி அந்த அச்சத்துக்கு வருவோம். ஒரு பகுதி மறைந்ததும் புதியவர் செய்யும் முதல் காரியம் எதுவாக இருக்கும்? பெரும்பாலும் செயல்நீக்கம், அதாவது அன்டூ. வேறு எல்லா மென்பொருளும் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாதுகாப்பு அதுதான். ஈமாக்ஸில் மடிப்பு உரையில் செய்த மாற்றமாகக் கணக்கில் வருவதில்லை. ஆகவே அன்டூ மடிப்பை விரிக்காது. அதற்கு முன்னால் அவர் தட்டச்சு செய்த ஏதோ ஒன்றை நீக்கும். மறைந்தது திரும்பவில்லை, கூடவே இருந்ததிலும் சிறிது போயிற்று என்ற நிலையில் அவர் கோப்பைச் சேமிக்காமல் மூடினாலும் வியப்பில்லை. இதை வடிவமைப்பாளர்கள் அரிதாகவே எண்ணிப் பார்க்கிறார்கள், ஏனெனில் அவர்களுடைய மனக்கணக்கில் உரை வேறு, அதன் தோற்றம் வேறு. புதியவருக்கு அந்தப் பிரிவு இல்லை. திரையில் தெரிவதே உரை. மடித்த உடனேயே, வேறு எதுவும் செய்யாமல், அன்டூ அழுத்தப்பட்டால் முதலில் அந்த மடிப்பு விரிய வேண்டும் என்று ஒரு சிறு விதியைச் சேர்ப்பது நிரல் அளவில் எளிது. மடிப்புகள் அனைத்தையும் அன்டூ வரலாற்றுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது பழகியவர்களுக்குத் தொல்லை. கடைசிச் செயல் மடிப்பு என்றால் மட்டும் போதும்.

மறைந்திருக்கிறது என்பதைத் திரை எப்படிச் சொல்கிறது என்பது அடுத்தது. ஈமாக்ஸ் மடித்த இடத்தில் மூன்று புள்ளிகளை இடுகிறது. எழுத்தாளர்கள் தம் வாக்கியங்களிலேயே மூன்று புள்ளிகளைத் தாராளமாகப் பயன்படுத்துவதால், அது எடிட்டர் இட்ட குறியா தாமே தட்டச்சு செய்ததா என்று கண்ணுக்குச் சட்டென்று புலப்படுவதில்லை. ஆர்க்கில் அந்தக் குறியை மாற்றிக்கொள்ள இடமுண்டு, அதுவும் தெரிந்தவருக்கே. இந்த இடத்தில் விம் எடிட்டர் மேலானது. அது மடித்த பகுதியின் இடத்தில் ஒரு தனி வரியைக் காட்டி, அதில் எத்தனை வரிகள் உள்ளே இருக்கின்றன என்பதையும் முதல் வரியின் உரையையும் எழுதிவிடுகிறது. "45 வரிகள்" என்று பார்த்தவுடன் நெஞ்சு அமைதியடைகிறது. ஏதோ ஒன்று இல்லாமல் போகவில்லை, இன்ன அளவு உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பிற வகைகளில் விம்மின் மடிப்பு புதியவருக்கு இணக்கமானது என்று சொல்ல மாட்டேன்: மடிப்புக் கட்டளைகள் எல்லாம் இசட் எழுத்தில் தொடங்குவதற்கு, அந்த எழுத்து பக்கவாட்டில் பார்த்தால் மடித்த தாளைப் போலிருக்கிறது என்று அதன் உதவிக் கோப்பே ஒரு நினைவுக்குறிப்புத் தருகிறது, அழகான குறிப்புதான், ஆனால் உதவிக் கோப்பைத் திறந்தவருக்குத்தானே கிடைக்கும். உள்ளே இருப்பதன் அளவைச் சொல்லும் அந்த ஒரு பழக்கத்தை மட்டும் எல்லா எடிட்டர்களும் கடன் வாங்கலாம்.

சுட்டெலியால் இயக்குபவர்களுக்கு ஓரத்தில் ஒரு முக்கோணம் அல்லது அம்புக்குறி வேண்டும் என்பதில் ஐயமில்லை. விஎஸ் கோட் எடிட்டரில் விரிந்த பகுதிகளின் அம்புக்குறி, சுட்டி அந்த ஓரத்துக்குப் போனால் மட்டுமே தெரியும். மடிந்த பகுதியின் அம்புக்குறியோ எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். மைக்ரோசாஃப்ட் வேர்ட் 2013இல் தலைப்புகளை மடிக்கும் வசதி வந்தபோதும் ஏறத்தாழ இதே முறையைத்தான் கொண்டிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வான நடத்தை மிகச் சரியானது: மடிக்கும் வாய்ப்பைத் தேடுபவர் தேடிக் கண்டுபிடிக்கட்டும், மடிந்திருப்பதை விரிக்கும் வாய்ப்பு மட்டும் எவர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். ஈமாக்ஸ் 29இன் பொத்தான்களில் பாராட்டத்தக்க வேறொன்று இருக்கிறது. படம் காட்ட முடிகிற திரையில் படமாகவும், முடியாவிட்டால் ஈமோஜியாகவும், அதுவும் இயலாவிட்டால் எளிய குறியாகவும், எதுவுமே இயலாத முனையத்தில் வெறும் சொல்லாகவும் அந்தப் பொத்தான் தன்னை மாற்றிக்கொள்ளும்.

மறைந்த உரைக்குள் தெரியாமல் திருத்தம் நடந்துவிடுவது அச்சத்தோடு நிற்காத, உண்மையான இழப்பு. மடித்த தலைப்பின் வால்பக்கத்தில், மூன்று புள்ளிகளை ஒட்டிக் கர்சரை வைத்து அழிப்பு விசையை அழுத்தினால், அழிவது கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தாக இருக்கலாம். தலைப்பு வரியை மட்டும் நீக்குவதாக எண்ணி முழு வரியையும் நீக்கும் கட்டளையைக் கொடுத்தால், அதன் கீழே மடிந்திருந்த கிளை முழுவதும் சேர்ந்தே போகலாம். ஆர்க் மோடில் இதற்குக் காவல்கள் உண்டு. மறைந்த கிளையைக் கண்ட்ரோல்-கே விசை அழிக்க முற்பட்டால் கேட்டுவிட்டு அழிக்கவோ, பிழை சொல்லி நிறுத்திவிடவோ ஏற்பாடு செய்யலாம். மறைந்த இடத்தில் தட்டச்சு நடந்தால் என்ன செய்வது என்பதற்கும் பல தேர்வுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, அந்த இடத்தை முதலில் விரித்துக் காட்டி, திருத்தம் தெரியும் உரையை ஒட்டியதாகவும் விளைவு எதிர்பார்க்கத்தக்கதாகவும் இருந்தால் மட்டும் அனுமதிப்பது. இயல்பாக இருக்க வேண்டியது அதுவே. அடிப்படை அவுட்லைன் மோடில் இத்தகைய காவல் கிடையாது. எளிமை என்ற பெயரில் பொத்தான்களைக் கூட்டுவதற்கு முன்னால் இந்தக் காவலை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது மேல். எளிதாக மடிக்க முடிகிற, ஆனால் மடித்ததைக் காக்காத கருவி, முன்பு அதைத் தொடாமலிருந்து தப்பித்தவர்களையும் சிக்க வைக்கும்.

நகலெடுப்பதிலும் இதே குழப்பம் வேறு உருவில் வரும். மடித்த நிலையில் ஐந்து தலைப்புகளைத் தேர்ந்து நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால், மடிப்புக்குள் இருந்த அனைத்தும் போய்ச் சேரும். தலைப்புகளை மட்டும் அனுப்ப எண்ணியவருக்கு இது அதிர்ச்சி; உள்ளே அந்தரங்கக் குறிப்புகள் இருந்தால் சங்கடமும் கூட. தெரிவதை மட்டும் நகலெடுக்கும் கட்டளை ஆர்க்கில் இருக்கிறது. வழக்கமான நகலெடுப்பின் பொருளை மாற்றுவது தவறு. மடிப்பைத் தாண்டி நகலெடுக்கும்போது, மறைந்திருந்த இத்தனை வரிகளும் சேர்ந்தன என்று திரையின் அடியில் ஒரு வரிச் செய்தி காட்டுவதே சரியான அளவு. தேடலைப் பொறுத்தவரை ஈமாக்ஸ் நெடுநாளாகவே சரியாக நடந்துகொள்கிறது: தேடிய சொல் மடிப்புக்குள் இருந்தால் அது விரிந்து காட்டும், தேடல் அடுத்த இடத்துக்கு நகர்ந்ததும் மறுபடி மடிந்துகொள்ளும்.

கோப்பைத் திறக்கும்போது எந்த நிலையில் காட்டுவது என்பதில் ஆர்க்கின் வரலாறே பாடம். தொடக்கக் காலத்தில் ஆர்க் கோப்பைத் திறந்தால் மேல்மட்டத் தலைப்புகள் மட்டுமே தெரியும். முதன்முதலாக ஓர் ஆர்க் கோப்பை மறுபடி திறந்த பலருக்கு, நேற்று எழுதியது எங்கே என்ற கேள்விதான் எழுந்தது. பின்னாளில் இயல்புநிலை மாற்றப்பட்டு, இப்போது கோப்பு முழுவதும் விரிந்தே திறக்கிறது. மடிந்தே திறக்க விரும்புபவர் கோப்பின் தலையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பழகியவர்களுக்கு ஒரு வரி வேலை, புதியவர்களுக்கு ஓர் அதிர்ச்சி குறைவு என்ற இந்தப் பேரம் எல்லா எடிட்டர்களுக்கும் பொருந்தும். மடிப்பு நிலையை அடுத்த முறைக்கு நினைவில் வைத்துக்கொள்வது வசதிதான் என்றாலும், இரண்டு வாரம் கழித்துத் திறப்பவர் தாம் மடித்ததை மறந்திருப்பார். நினைவில் வைப்பதாக இருந்தால், மேலே சொன்ன வரி எண்ணிக்கையையும் எப்போதும் தெரியும் அம்புக்குறியையும் விட்டுவிட முடியாது.

எது தலைப்பு என்பதைப் புதியவர் அறிய வழியில்லாததும் ஒரு தடை. ஆர்க்கில் வரியின் தொடக்கத்திலேயே உடுக்குறி (*) வர வேண்டும், அதை அடுத்து ஓர் இடைவெளியும் வர வேண்டும். இடைவெளி விட மறந்தால் அது தலைப்பு அல்ல. உடுக்குறிக்கு முன்னால் இடம் விட்டால் அது பட்டியலின் ஓர் உறுப்பாகிவிடும். இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். அடிப்படை அவுட்லைனில் நிரல்மொழிக்கு ஏற்பத் தலைப்பின் வடிவம் மாறும். அந்த வடிவம், எழுத்துகளின் அமைப்பைக் குறிகளால் விவரிக்கும் ஒரு தேடல் கோவையாக உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் புதியவரிடம் திருத்தச் சொல்வது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும். நிரலின் கட்டமைப்பை எடிட்டரே பகுத்தறிந்து தலைப்புகளைக் கண்டுகொள்ளும் திசையில் அண்மைக்கால முயற்சிகள் போவது நல்ல செய்தி. அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு: அவுட்லைன் துணை மோடை இயக்கியதும் கோப்பில் ஒரு தலைப்பும் அகப்படவில்லை என்றால் மௌனமாக இருக்காமல், இந்தக் கோப்பில் தலைப்பு இன்ன வடிவில் இருக்க வேண்டும், ஒன்றும் காணப்படவில்லை என்று சொல்வது. இப்போது ஒன்றுமே நிகழாததால், வசதி பழுதாகியிருக்கிறது என்று எண்ணிப் புதியவர் திரும்பிப் போகிறார்.

நீங்கள் சொன்ன கருவிப்பட்டையையும் மெனுவையும் பற்றி: ஈமாக்ஸின் அவுட்லைன் மெனு ஏற்கெனவே இருக்கிறது. அதில் இலைகளை மறை, உடலை மறை, உள்ளீட்டை மறை, கிளையை மறை, துணைமட்டங்களை மறை, மற்றவற்றை மறை என்ற பொருளில் ஆங்கிலத் தொடர்கள் வரிசையாக நிற்கின்றன. ஆறுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் ஆறையும் செய்து பார்த்துத்தான் அதை அறிய முடியும். புதியவருக்கு மெனுவில் மூன்றே போதும்: இந்தப் பகுதியை மடி அல்லது விரி, எல்லாவற்றையும் விரி, தலைப்புகளை மட்டும் காட்டு. எஞ்சியவை ஒரு துணை மெனுவுக்குள் போகலாம். "எல்லாவற்றையும் விரி" என்பது மெனுவின் முதல் வரியாக இருக்க வேண்டும். பதற்றத்தில் மெனுவைத் திறப்பவர் தேடி வருவது அதைத்தான். கருவிப்பட்டையைச் சேர்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. பழகிய பலரும் அதை மூடியே வைத்திருப்பதால், அங்கே வைக்கப்படும் வசதியைச் சோதிக்கவும் பேணவும் ஆள் குறைவு.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. இயங்குதளத்தின் விசைப்பலகையைத் தமிழ்99க்கு மாற்றி வைத்துக்கொண்டு எழுதும்போது, சதுர அடைப்புக்குறிகள் இருந்த விசைகளில் ச, ஞ என்ற எழுத்துகள் வந்துவிடுகின்றன. விஎஸ் கோடில் மடிப்பதற்கும் விரிப்பதற்கும் உரிய இயல்பான குறுக்குவழிகள் அந்த அடைப்புக்குறி விசைகளையே நம்பியிருக்கின்றன. விம்மில் கட்டளை நிலைக்குத் திரும்பினாலும் விசைப்பலகை தமிழிலேயே இருந்தால் இசட் என்ற எழுத்தே போய்ச் சேராது. ஈமாக்ஸின் உள்ளமைந்த உள்ளீட்டு முறைகளைப் பயன்படுத்தினால் கண்ட்ரோல் சேர்ந்த விசைகள் பாதிக்கப்படா. ஆனால் பெரும்பாலோர் இயங்குதள விசைப்பலகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். டேப், ஷிஃப்ட்-டேப், அம்புக்குறி விசைகள், என்டர் போன்றவை எந்த மொழி விசைப்பலகையிலும் இடம் மாறாதவை. ரஷ்ய மொழியிலோ கிரேக்க மொழியிலோ எழுதுபவருக்கும் இது பொருந்தும். அவுட்லைனின் அடிப்படைச் செயல்களை இந்த மாறா விசைகளில் வைப்பதற்கு, கற்பது எளிது என்பதைக் காட்டிலும் இது வலுவான காரணம் என்று நினைக்கிறேன்.

பகுதிகளை இடம் மாற்றுவதிலும் ஆர்க் அம்புக்குறிகளையே பயன்படுத்துகிறது: ஆல்ட் விசையுடன் மேல் அல்லது கீழ் அம்புக்குறியை அழுத்தினால் கிளை அந்தத் திசையில் நகரும், இடம் அல்லது வலம் அழுத்தினால் தலைப்பின் மட்டம் உயரும் அல்லது தாழும். மட்டத்தை மாற்றும்போது தலைப்பை மட்டும் மாற்றுவதா, கிளையையும் சேர்த்தா என்ற சிக்கல் எழும். மடித்த தலைப்பின் மேல் நின்று ஆல்ட்-வலம் அழுத்தினால் ஆர்க் அதைச் செய்வதில்லை. கிளை மறைந்திருக்கிறது, டேப்பால் விரியுங்கள், அல்லது கிளைக்கான கட்டளையை ஆல்ட், ஷிஃப்ட் இரண்டுடனும் அம்புக்குறியை அழுத்திக் கொடுங்கள் என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தியைக் காட்டுகிறது. பிழைச் செய்தி எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எடிட்டர்களில் அரிது. என்ன தடை, அதை நீக்கும் விசை எது, வேண்டியது வேறாக இருந்தால் அதற்கான விசை எது என்ற மூன்றும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன.

இவை அனைத்தையும் ஒரே வெளியீட்டில் செய்ய முற்பட்டால், இயல்புநிலைகளை மாற்றுவது குறித்த விவாதத்திலேயே காலம் போய்விடும். ஆகவே எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், திரையின் அடியில் வரும் செய்தியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். இப்போது ஆர்க்கில் டேப்பை அழுத்தினால் மடிந்தது, பிள்ளைகள், கிளை என்ற பொருள்பட ஒரு சொல் தோன்றும். நிலைகளின் பெயர்களை ஏற்கெனவே அறிந்தவருக்கே அது பொருள்படும். அதற்குப் பதிலாக, "37 வரிகள் மடிக்கப்பட்டன, விரிக்க மறுபடி டேப்" என்று காட்டினால் எவருடைய பழக்கமும் கெடாது, எந்த அமைப்பும் மாறாது, விவாதிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. அதைச் செய்த பிறகு, எடிட்டரை அறியாத ஒருவரிடம் ஒரு நீண்ட கோப்பைக் கொடுத்து, அருகில் அமர்ந்து, ஒன்றும் சொல்லாமல், உரை மறைந்ததும் அவர் விரல் எந்த விசைக்குப் போகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்த மாற்றத்தைச் செய்வது என்பதை அந்தக் குறிப்பை வைத்து முடிவு செய்யலாம்.